மினூஷுக்கு வைத்த சுறா வறை

பூனை எழும்பவில்லை.

சாம்பவி பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். மூன்று குட்டிகளும் தாயின் வயிற்றை முட்டிப் பால் தேடின. மினூஷ் ஒருமுறை கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. மூச்சு மட்டும் வேகமாக வாங்கியது. உதட்டை விலக்கினாள். ஈறு கடதாசிபோல் வெளுத்திருந்தது.

"அம்மா, இங்க வந்து பாருங்கோ."

ஜெகதீஸ்வரி கையைத் துடைத்தபடி வந்தாள். "பிள்ளை பெத்த உடம்பு, சோர்வாத்தான் கிடக்கும். இன்னும் கொஞ்சம் வறை வைக்கட்டே?"

"நேற்றுக் கூடத்தானே வச்சனீங்கள். மூத்திரமும் தேத்தண்ணி நிறத்தில போகுது. நான் டாக்குத்தரிட்டக் கொண்டு போறன்."

அந்த வறை முதலில் சாம்பவிக்காகச் செய்தது. தை மாதம், மகளுக்குப் பால் சுரக்கவேண்டுமென்று, உள்ளிப்பூண்டும் வெங்காயமும் அள்ளிப்போட்டுச் சுறா வறுத்து ஐஸ்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள் ஜெகதீஸ்வரி. பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. பால் மட்டும் சுரந்து, சட்டையை நனைத்து, பிறகு வற்றியது. சாம்பவி பேச்சை நிறுத்திக்கொண்டாள். இந்தப் பிரெஞ்சு ஊரின் துறைமுகத்தில் லொறி ஓட்டும் கணவன் பிருந்தன் ஏதாவது கேட்டாலும் தலையாட்டல்தான். பனி கரைந்து முடிந்தபின்பும் அப்படியே இருந்தாள்.

வைகாசியில் ஒரு பூனை நிறைவயிற்றோடு பின்படிக்கட்டால் ஏறி வந்து பல்கனியில் படுத்தது. சாம்பவிதான் கதவைத் திறந்தாள், பெயரும் வைத்தாள். அது குட்டி போட்ட அன்று, ஜெகதீஸ்வரி ஐஸ்பெட்டியிலிருந்த வறையைச் சூடாக்கி வைத்தாள். பூனை கோப்பையை நக்கித் துடைத்தது.

"பார், உன்னை மாதிரி உள்ளியைப் பொறுக்கி வெளியில வைக்கேல்ல."

சாம்பவி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை இன்னும் பார்க்கவேண்டும் என்றுதான், இருந்த வறை முடிந்ததும் ஜெகதீஸ்வரி தமிழ்க்கடைக்குப் போய்ப் புதுச் சுறா வாங்கினாள். காலையும் மாலையும் வைத்தாள்.

மிருக வைத்தியர் செலீன் இளம்பெண். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கூட வந்த ஜெகதீஸ்வரியும் பக்கத்தில் இருக்க, பூனை என்ன சாப்பிட்டது என்று பிரெஞ்சில் கேட்டாள். மீன், தேங்காய், வெங்காயம், உள்ளி என்று சாம்பவி பிரெஞ்சிலேயே சொன்னாள். செலீனின் முகம் மாறியது. மெதுவாக, திருப்பித் திருப்பி விளங்கப்படுத்தினாள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தை உடைத்துவிடும். தினமும் கொடுத்தால் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். பால் கொடுக்கும் தாய்க்கு அதைத் தாங்கத் தெம்பு இருக்காது. வேறு இரத்தம் ஏற்றிப் பார்க்கலாம்.

இரத்தம் வந்து சேருமுன்பே மினூஷ் போய்விட்டது.

"என்னவாம்?" ஜெகதீஸ்வரி கேட்டாள். குட்டிகள் இருந்த பழப்பெட்டி அவள் மடியில் இருந்தது.

சாம்பவி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "குட்டி போடேக்க ரத்தம் கூடப் போயிட்டுதாம். ஆராலயும் ஒண்டும் செய்திருக்கேலாதாம்."

ஜெகதீஸ்வரி தலையாட்டினாள். இந்த ஊர் உணவகமொன்றின் சமையலறையில் இருபது வருடம் உரித்துக் கொட்டியவள் அவள். பிரெஞ்சில் அவளுக்குத் தெரிந்ததே கொஞ்சச் சொற்கள்தான். வெங்காயமும் உள்ளியும் அவற்றில் முதலாவதாக வரும்.

வீட்டுக்கு வந்ததும் சாம்பவி வைத்தியர் தந்த பூனைக்குட்டிப் பால்மாவைக் கரைத்து, ஊசியில்லாச் சிரிஞ்சில் எடுத்தாள். குட்டிகள் கத்தின. ஜெகதீஸ்வரி குசினி வாசலில் நின்றாள்.

"வந்து ஒண்டைப் பிடியுங்கோ அம்மா."

"என்ர கையால வேண்டாம், பிள்ளை."

சாம்பவி நிமிர்ந்து பார்த்தாள். தாய்க்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கு ரெண்டு கைதான் கிடக்கு. குட்டி மூண்டு."

ஆகச் சின்னதைத் தூக்கித் தாயின் உள்ளங்கையில் வைத்தாள். அது விரலை முகர்ந்தது, முலையென்று நினைத்துக் கவ்வப் பார்த்தது. ஜெகதீஸ்வரி வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள். காலையில் அடுத்த வறைக்கு உரித்த உள்ளி இன்னும் விரலில் மணத்தது.

குட்டியைப் பெட்டியில் விட்டுவிட்டுக் குசினிக் குழாயடிக்கு ஓடினாள். சவர்க்காரம் போட்டாள், தேசிக்காயைப் பிழிந்து தேய்த்தாள், திரும்பவும் சவர்க்காரம் போட்டாள். முகர்ந்து பார்த்தாள். திரும்பவும் குழாயைத் திறந்தாள். அவளின் அழுகைச் சத்தம் தண்ணீர்ச் சத்தத்தோடு கலந்து கேட்டது.

"கழுவினது காணும், வாங்கோ அம்மா," என்றாள் சாம்பவி. "பால் ஆறுது."