பாலத்தின் மேல் போட்ட பழி

நாடு கூட்டமைப்பில் இருப்பதா, விலகுவதா என்று மக்களையே கேட்டுவிடுவோம் என அரசாங்கம் அறிவித்த நாளிலிருந்து அந்த ஆற்றங்கரை நகரத்தில் வேறு பேச்சு கிடையாது. முடிவெட்டும் கடையில் உட்கார்ந்தவர்கள், கடைக்காரர் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்ட பிறகே வாயைத் திறந்தார்கள். கத்தி அவர் கையில் அல்லவா இருக்கிறது! ஒரே மாடியில் குடியிருந்த அண்ணனும் தம்பியும் படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு. இரண்டும் கூட்டமைப்பில் சேர்ந்த பிறகு நடுவில் பெரிய பாலம் வந்தது, சோதனைச் சாவடி போனது. அக்கரையில் வேலை, இக்கரையில் வீடு என்று பாதி நகரம் பிழைத்தது. நல்லதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எங்கேயோ தூரத்து அலுவலகத்தில் உட்கார்ந்த யாரோ ஒருவர், இரண்டு கரைக்கும் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி போதும் என்று முடிவு கட்டிவிட்டார். அக்கரை ஆஸ்பத்திரி நான்கு மாடி உயர்ந்தது. இக்கரைப் பிரசவ வார்டுக்குப் பூட்டு விழுந்தது. அதன் பிறகு இந்த நகரத்தில் குழந்தை பிறப்பதே நின்றுபோனது. சாகிறவர்கள் மட்டும் வழக்கம்போல இங்கேயே செத்தார்கள்.

அந்த வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவளை ஊரே நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும். வார்டு போன பிறகு அவளைக் காய்ச்சல், சளி பார்க்கும் கிளினிக்கில் போட்டார்கள். பாயும் மாட்டைப் பிடித்துக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. ஊரில் விலகல் குழு என்று ஒன்று தொடங்கியபோது முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். குழுவின் தலைவர் அச்சகம் வைத்திருந்தவர். ‘நம் குழந்தைகள் நம் மண்ணில் பிறக்கட்டும்’ என்று அவர் அடித்த சுவரொட்டி ஒட்டாத சுவர் இல்லை. அவருக்குக் குழந்தைகள் மேல் எவ்வளவு அக்கறையோ, சுவரொட்டி மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

ஆனால் ஊரைக் கலங்கடித்தது சுவரொட்டி இல்லை. நர்ஸம்மாவின் மகள்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் பிரசவத்துக்கு அக்கரைக்குப் போன வழியில் பாலத்தில் லாரி கவிழ்ந்து, வண்டிகள் நகராமல் நின்று, அவளுடைய முதல் குழந்தை போய்விட்டது. பாலத்தில் காத்திருந்த நேரத்தில் ஒரு உயிர் போயிற்று என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள். கூட்டமைப்பில் இருக்கலாம் என்று வாதாட வந்தவர்கள்கூட இந்தக் கதை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாக்கெடுப்புக்கு முந்தைய கடைசிக் கூட்டத்தில் மகளே மேடையேறி அதைச் சொல்வதாக ஏற்பாடு.

இப்போது மகள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. நர்ஸம்மா பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள், இது வீட்டில் வைத்துப் பார்க்கிற பிரசவம் இல்லை. அக்கரைக்குப் போய்ப் பதிவு செய்துகொள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். மகள் அசைந்து கொடுக்கவில்லை.

“அந்தப் பாலத்துல இன்னொரு தடவை ஏற மாட்டேம்மா. விலகிட்டா வார்டு திறப்பாங்க. இல்லேன்னா நீ இருக்கே.”

நர்ஸம்மாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. வார்டு திறப்பது பூட்டைத் திறக்கிற காரியமா? டாக்டர் வேண்டும், ஆபரேஷன் அறை வேண்டும், ரத்தம் வேண்டும். விலகினாலும் வருஷக்கணக்கில் ஆகும். அது அவளுக்குத் தெரியும். அதைவிட மோசமான இன்னொன்றும் தெரியும். பாலம் அந்தக் குழந்தையைக் கொல்லவில்லை.

நர்ஸம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. வயிற்றில் மரக்குழலை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும்போது, அதே தாளத்தில் தாயின் மணிக்கட்டில் விரலால் தட்டுவாள். தாய்க்குக் கேட்காத சத்தம் அவள் கைக்கு வந்து சேரும். ஊரில் பாதிப் பெண்கள் தங்கள் பிள்ளையை முதலில் அறிந்தது அந்த விரலில்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தக் காலையில் மகள் வந்து, நேற்றிலிருந்து அசைவே இல்லை, தூங்குகிறது போல என்று சிரித்தபடி சொன்னாள். நர்ஸம்மா குழலை வைத்தாள். இடம் மாற்றி மாற்றி வைத்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்தாள். விரல் தானாகத் தட்டியது, இல்லாத துடிப்பை.

பிறகுதான் வண்டி, பாலம், லாரி எல்லாம். அக்கரை டாக்டர் அவருடைய மொழியில் சொன்னதை மகளுக்குச் சொல்ல வேண்டியவளும் நர்ஸம்மாதான். குழந்தை முந்தின நாளே வயிற்றுக்குள் இறந்துவிட்டது, கொடி சுற்றியிருக்கிறது என்றார் அவர். நேரமாகிவிட்டதாம் என்று மட்டும் மகளிடம் சொன்னாள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்ற கேள்வி மகளைத் தின்றுவிடும் என்று பயந்தாள். பழியைத் தூக்கிப் பாலத்தின் மேல் போட்டாள். பாலத்துக்கு வாயா இருக்கிறது, மறுத்துப் பேச? பெற்றவள் செய்கிற காரியம்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பொய் மேடையேறியது. இப்போது அதே பொய் மகளை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது.

கூட்டத்தன்று மத்தியானம் நர்ஸம்மா மகளின் வீட்டுக்குப் போனாள். மகள் மேடைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வயிறு மேஜையில் இடித்ததால் பக்கவாட்டில் நின்றிருந்தாள்.

“இன்னிக்கு அந்தக் கதையைச் சொல்லாதே.”

“ஏன்? நீதானே ஒத்துக்கச் சொன்னே?”

“நடந்தது அது இல்ல. வண்டியில ஏறறதுக்கு முன்னாடியே துடிப்பு இல்ல. நான் சும்மா தட்டினேன்.”

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். நர்ஸம்மா டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். நான்கு வருஷம் மென்று விழுங்கியது சொல்ல ஆரம்பித்தால் இத்தனை சீக்கிரம் முடிந்துவிடும் என்று அவளுக்கே தெரியாது.

“அப்போ முந்தின நாளே நான் வந்து சொல்லியிருந்தா?”

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் எல்லாமே. இப்போதும் ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. நர்ஸம்மா அதை விழுங்கினாள்.

“தெரியலடி. பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இந்தப் பிள்ளைக்கு அந்த ஆஸ்பத்திரி வேணும். அதுக்குத்தான் சொல்றேன்.”

மகள் அழவில்லை. கத்தவும் இல்லை. போய்ட்டு வா என்று மட்டும் சொன்னாள், விருந்தாளியை அனுப்புவதைப்போல. நர்ஸம்மா தெருவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவர் முழுக்கச் சுவரொட்டி.

அன்று சாயங்காலம் மூடிய வார்டின் வாசலில்தான் கூட்டம். மகள் வரமாட்டாள் என்று நர்ஸம்மா நினைத்தாள். வந்தாள். இஸ்திரி பாதி போட்ட அதே உடையில் மேடையேறினாள். அச்சகக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையை இப்போதே எடுத்துவிட்டார்.

“என் பிள்ளை பாலத்துல சாகல. எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இந்த ஊருக்கு வார்டு வேணும்னு நான் இப்பவும் சொல்றேன். அதுக்கு என் பிள்ளையைச் சாட்சிக்கு இழுக்காதீங்க.”

அவ்வளவுதான். இறங்கிவிட்டாள். கைதட்டுவதா வேண்டாமா என்று ஜனங்களுக்குப் புரியவில்லை. அச்சகக்காரர் மைக்கைப் பிடித்து, பிள்ளைத்தாய்ச்சி, களைப்பு என்று ஏதோ சமாளித்தார். மறுநாளே எதிர்த்தரப்பு அவளை விலைக்கு வாங்கிவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அச்சகக்காரர் நர்ஸம்மா வீட்டுக்கே வந்து, கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டீர்களே என்று குதித்தார். பொய் போனதால் வார்டு வேண்டாம் என்று ஆகிவிடாது, நான் விலகத்தான் ஓட்டுப் போடப் போகிறேன், ஆனால் அந்தச் சுவரொட்டிகளைக் கிழித்துப் போடுங்கள் என்றாள் அவள். அவர் கிழிக்கவில்லை.

சொன்னபடியே ஓட்டுப் போட்டாள். போட்டுவிட்டு வெளியே வந்தபோது சரியாகத்தான் செய்தோமா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நாடு நூலிழையில் விலகல் பக்கம் சாய்ந்தது. அச்சகக்காரர் தெருத்தெருவாகக் கைகுலுக்கினார். வார்டு எப்போது என்று கேட்டவர்களிடம், முதலில் பேச்சுவார்த்தை, பிறகு ஆய்வு, பிறகு நிதி என்று விளக்கினார். அடுப்பே மூட்டாமல் இலை போட்ட கதைதான்.

மகள் பேசவே இல்லை. நர்ஸம்மா வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினாள். கதவு சாத்தியே இருந்தது. மருமகன்தான் கிளினிக் பக்கம் வந்து, அக்கரையில் பதிவு செய்தாயிற்று, மாத்திரை தந்திருக்கிறார்கள், தூக்கம்தான் இல்லை என்று தகவல் சொல்லிவிட்டுப் போவான். அவன் வயரிங் வேலை செய்கிறவன். அதிகம் பேச மாட்டான். ஒரு நாள் காலையில் போன் செய்தான். வலி எடுத்துவிட்டது, அத்தை, நீங்களும் வாங்க என்றான். அவள் வரச் சொன்னாளா என்று நர்ஸம்மா கேட்கவில்லை. கேட்கத் துணிச்சல் இல்லை.

வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் மகளின் மூச்சு மட்டும் கேட்டது. பாலத்தின் நடுவில் சிலர் புதுச் சாவடிக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி வழிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு ஓட்டுப் போட்டவளும் தானே என்பதையும் நினைத்துக்கொண்டாள்.

அக்கரை நர்ஸ், கூட ஒருவர்தான் உள்ளே வரலாம், யார் என்று கேட்டாள். மகளுக்குப் புரியட்டும் என்று நர்ஸம்மா மொழிபெயர்த்தாள். மகள் கணவனைக் கை காட்டினாள்.

ஊரில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்தவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரசவ அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அக்கரைக்காரி, எந்த ஊர் என்று விசாரித்தாள். சொன்னதும், ஓ, நீங்கள்தான் விலகிவிட்டீர்களே என்றாள். குத்தல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனாலும் நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மருமகன் வெளிறிப்போய் வெளியே வந்து பெஞ்சில் சரிந்தான். கரண்டுக் கம்பியைப் பிடிக்கிறவனுக்கு ரத்தத்தைப் பார்க்க முடியவில்லை. பாதி திறந்த கதவுக்கு அப்பால் மகள் முனகுவது கேட்டது. அந்த முனகல் எந்தக் கட்டம் என்று நர்ஸம்மாவுக்குத் தெரியும். கால்கள் தாமாக எழுந்தன. இரண்டு எட்டு வைத்தால் உள்ளே போய்விடலாம்.

அவள் வாசலிலேயே நின்றாள். அக்கரை நர்ஸிடம் அவர்கள் மொழியில், அம்மா உள்ளே வரலாமா என்று என் மகளிடம் கேளுங்கள், இல்லை என்றால் நான் இங்கேயே இருக்கிறேன் என்றாள். கேட்டுப் பழகாத வாய்.

அக்கரை நர்ஸ் உள்ளே திரும்பிச் சைகையால் கேட்டாள். மகள் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். வலி ஒரு சுற்று வந்து போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கையைக் கழுவிட்டு வா.”