இரண்டாம் குத்பாவில் ஒரு பெயர்

2012. எங்கள் ஊர்ப் புதுப் பள்ளிவாசலில் முதல் ஜும்மா, வெள்ளிக்கிழமைத் தொழுகை. தொழுகைக்கு முந்தின இரண்டாம் குத்பாப் பிரசங்கத்தின் கடைசியில் இமாம் கை ஏந்தி அரபியில் துஆ கேட்டார். அவர் நிறுத்துகிற இடத்திலெல்லாம் நாங்கள் ஆமீன் சொன்னோம். ஊரில் யாருக்கும் அரபி அர்த்தம் தெரியாது. இமாம் மூச்சு விட்டால் ஆமீன், அதுதான் பழக்கம். அப்படி ஒரு மூச்சுக்கு முன்னால் அந்தப் பெயர் வந்தது. வளைகுடாவில் நான் கொத்து வேலை பார்த்த நாட்டு ராஜாவின் பெயர். ரோட்டிலும் கேம்ப் வாசலிலும் படத்துக்கு அடியில் பார்த்துப் பார்த்துப் பழகின பெயர். பள்ளி முழுக்க ஆமீன் என்றது. நான் கையை இறக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

தொழுகை முடிந்ததும் ஜமாஅத் தலைவர் அசனார் ஹாஜி கூப்பிட்டார்.

"என்னா பீர்க்கண்ணு, துஆவுக்குக் கைய தாத்திட்ட?"

"கை வலிக்கி ஹாஜியாரே."

"வாயுமா வலிக்கி?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அந்த ஆளுக்கு எனக்க வாயில ஆமீன் வராது," என்றேன்.

ஹாஜியின் முகம் கறுத்தது. "லே, நீ நிக்கிய தர அவுக தந்தது."

"கல்லு அவுக தந்தது. தர நான் போட்டது."

பள்ளி கட்டப் பணம் அனுப்பியது அந்த ராஜாவின் மார்க்க இலாகா. அதன் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு ஊரில் நபி புகழ் பாடும் மவ்லூது ஓதுவது நின்றது. கடற்கரைத் தர்காவில் அடங்கியிருக்கும் பெரியவரின் கப்றுக்குப் பச்சைத் துணி போர்த்துவது நின்றது. கப்றைக் கும்பிடுவது அல்லாவுக்கு இணை வைப்பது என்றார்கள். அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் செத்தவருக்குத் துணி போர்த்தினால் குற்றம் என்றவர்கள், உயிரோடிருக்கிற ராஜாவைக் கொண்டுவந்து இமாம் நின்று ஓதும் மிம்பர் மேடையில் ஏற்றிவிட்டார்கள். அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

வைகுண்டராஜன் தாமரைக்குளத்துக்காரன். வளைகுடாக் கேம்பில் மேல் கட்டில் அவனுக்கு, கீழ்க் கட்டில் எனக்கு. ஒரு ஜூலை மத்தியானம் கம்பி கட்டிக்கொண்டிருந்தவன் கம்பி மேலேயே சரிந்தான். பிறகு எழவில்லை. உச்சி வெயிலில் வேலை நிறுத்த வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று கேம்ப் வாசலில் உட்கார்ந்தோம். மறுநாள் போலீஸ் ஜீப்பில் ஒரு மௌலானா வந்து இறங்கினார். ஆட்சியாளனுக்குக் கீழ்ப்படிவது மார்க்கக் கடமை, அவன் முதுகில் அடித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும், கூட்டம் போடுவது குழப்பம் என்றார். மலப்புறத்துக்காரன் ஒருவன் எங்களுக்கு மலையாளத்தில் சொல்லித் தந்தான்.

"தண்ணி கேக்கியது பாவமான்னு கேளு," என்றேன் அவனிடம்.

அவன் கேட்டான். மௌலானா பதில் சொல்ல வாயைத் திறந்தார். உடனே போலீஸ் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். அன்று சாயங்காலமே எங்களை ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏற்றினார்கள்.

இதையெல்லாம் ஹாஜியிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அடுத்த ஜும்மாவுக்கு முன் வரிசையில இரி. ஒனக்க ஆமீன் எனக்குக் கேக்கணும். இல்லேன்னா ஒனக்க மவளுக்க நிக்காஹுக்குப் பள்ளியிலேருந்து ஒரு ஆளும் வராது," என்றார்.

சபீனாவின் நிக்காஹ் அந்த ஜும்மா கழிந்த ஞாயிற்றுக்கிழமை. பள்ளி வராத நிக்காஹை ஊர் நிக்காஹாக எண்ணாது.

வீட்டில் என் மனைவி ஐசாள் சட்டியை நங்கென்று வைத்தாள். "ஒரு வார்த்ததானே. சொல்லிட்டு வந்து வாயக் கழுவுங்க."

"வைகுண்டராஜனுக்க பெஞ்சாதி மொகத்துல எப்பிடிட்டி முழிப்பேன்?"

"அவ ஒங்களுக்க ஆமீனக் கேக்கவா பள்ளிக்கு வாறா?"

சபீனா போனோடு பின்பக்கம் போனாள். தக்கலையில் பிளம்பிங் வேலை பார்க்கும் மாப்பிள்ளைப் பையனோடு பேசிவிட்டு வந்தாள்.

"பள்ளி வந்தாலும் வராட்டாலும் அவிய வருவாவளாம் வாப்பா. அவியளுக்க மாமா மட்டும் மொறச்சுக்கிட்டு நிப்பாராம்."

"நிக்கட்டும்," என்றேன். ஐசாள் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை முன் வரிசையில் உட்கார்ந்தேன். ஹாஜி எனக்குப் பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். குத்பாவில் இமாமைத் தவிர யாரும், துஆவுக்கு ஆமீன் சொல்வதற்கல்லாமல், வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த ஜும்மாவின் நன்மை போய்விடும். எனக்கு அது தெரியும். போகட்டும் என்றுதான் போயிருந்தேன்.

துஆ ஓடியது. பெயர் வர வேண்டிய இடத்துக்கு முன்னால் இமாம் மூச்சு இழுத்தார். அந்த இடைவெளியில் நான் சத்தமாகக் கேட்டேன்.

"யா அல்லா, அந்த நாட்டுல வெயில்ல நிக்கியவனுவளுக்குத் தண்ணி குடு. தண்ணி கேட்டவன வெரட்டினவனுக்கு நீயே பதில் குடு."

சொல்லி நிறுத்தினேன்.

"ஆமீன்!"

பள்ளி முழுக்கச் சொன்னது. குரல் நின்ற இடத்தில் ஆமீன் சொல்லியே பழகின வாய்கள். ஹாஜியின் சத்தம்தான் பெரிதாக இருந்தது. சொன்ன பிறகுதான் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பின் வரிசையில் கல்ஃபிலிருந்து திரும்பின இரண்டு மூன்று பேர் மட்டும் தெரிந்தே இன்னொரு ஆமீன் சொன்னார்கள். இமாம் ஜமாஅத் தரும் சம்பளத்தில் மேலத்தெருவில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகுட்டிக்காரர். அவர் ஹாஜியைப் பார்க்கவில்லை. பெயரைச் சொல்லாமலே துஆவை முடித்துவிட்டார்.

வாசலில் ஹாஜி மறித்தார். "குத்பாவுல பேசினது குத்தம்லே."

"குத்தம்தான். ஒங்களுக்க ஆமீனும் அதுல உண்டு."

"பள்ளி வராது."

"வராண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை பள்ளி வரவில்லை. முற்றத்தில் பாய் விரித்தோம். மார்க்கத்தில் நிக்காஹுக்குத் தகப்பன் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை ஏற்க வேண்டும், சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ராஜாவும் வேண்டாம், இலாகாவும் வேண்டாம். பின் வரிசையில் ஆமீன் சொன்ன பக்கீரும் செய்யதலியும் சாட்சிக்கு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "எனக்க மவ சபீனாவ ஒனக்கு நிக்காஹ் செய்து தந்தேன்," என்றேன்.

"ஏத்துக்கிட்டேன்," என்றான் பையன், தெரு கேட்க.

அவன் மாமா செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் படியிறங்கினார். ஒரு வாரமாக என்னிடம் பேசாத ஐசாள் சோற்றுத் தட்டோடு வந்தாள்.

"அவருக்க பங்கு எறச்சியும் இதுல கெடக்கு. தின்னுங்க. நாள வெள்ளனே சித்தாளு கூப்பிட வருவா."