செபஸ்தியான் எழுதாத கட்டுரை

1

முதலில் ஓர் ஒப்புதல். இந்தக் கதையை வேடசந்தூர் பேருந்தில் யாரோ பேசக் கேட்டேன் என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். பொய். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி அலுவலகத்தில், என் மேசைக்கு முன்னாலேயே நடந்தது இது. நான் அங்கே கண்காணிப்பாளர். வேலை நேரம் போக, ஒரு புனைபெயரில் கதை எழுதுகிறவன். இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவைதானா என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் என்னிடம் சான்று கேட்டதில்லை.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'சித்திரை வெயில் மலைக்கோட்டைப் பாறையைக் காய்ச்சிக்கொண்டிருந்த' — அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்த மலையில் ஏறித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

'அணுக்கரு என்பது' — இதையும் அடித்துவிட்டேன். பாடப் புத்தக வாடை.

'சகாயசெல்விக்குக் கோபம் வந்தது.' இது நிற்கட்டும்.

2

சகாயசெல்விக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் அவள் என்ன வேலை பார்த்தாள் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அந்தக் கோபத்தின் எடை உங்களுக்குத் தெரியாது.

வயது முப்பத்து மூன்று. எரியோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பா செபஸ்தியானுக்கு முருங்கை விவசாயம். மகள் வடக்கே ஓர் ஆராய்ச்சி உலையில் அணுக்கருக்கள் எவற்றை, எவ்வளவு விழுங்குகின்றன என்று மூன்று வருடம் அளந்தாள். நகத்தளவு உலோகத் தகட்டை நியூட்ரான் கற்றைக்குள் வைப்பார்கள். சில நியூட்ரான்கள் கருவுக்குள் போய்த் தங்கிவிடும். தங்க இடம் கொடுத்த கரு, கூடுதலாக வந்த சக்தியை ஒளியாக வெளியே தள்ளும். வேறொரு இயந்திரத்தில் இதையே தலைகீழாகச் செய்யலாம்: கரு ஒளியை விழுங்கி நியூட்ரானைத் துப்பும். எது எவ்வளவு எளிதில் நடக்கிறது என்று ஓர் எண்ணில் சொல்ல வேண்டும். அந்த ஓர் எண்ணுக்குத்தான் மூன்று வருடம்.

அவள் எடுத்துக்கொண்ட உலோகம் லுட்டீசியம்.* நியூட்ரானை விழுங்கிய லுட்டீசியத்தைப் புற்றுநோய்க்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். ஆகவே அந்த எண் தப்பாக இருந்தால், எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகும் மருந்தின் கணக்கும் தப்பும்.

(* இந்தப் பெயரை அவளிடம் மூன்று தரம் கேட்டு, மூன்று தரமும் தப்பாக எழுதினேன். நான்காம் தரம் அவளே என் பேனாவை வாங்கி எழுதினாள்.)

ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்தில் ஒரு தங்கத் தகடும் வைப்பார்கள். விடுமுறைக்கு வந்திருந்தபோது இதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"தங்கமா? எத்தன பவுனு?"

"பவுனெல்லாம் இல்லப்பா, பொட்டு மாதிரி இருக்கும். நியூட்ரான் உள்ள போனா, நாலஞ்சு நாள்ல அதுல கொஞ்சம் பாதரசமா மாறிப்போகும்."

"தங்கத்தப் பாதரசமாக்கவா உன்னய இம்புட்டுப் படிக்க வச்சேன்? மாத்துறதுதான் மாத்துறீக, அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் மாத்துனா என்ன?"

பழைய அட்டவணைகளில் இருந்ததைவிட அவளுக்கு ஒன்பது சதவீதம் கூடுதலாக வந்தது. பழைய எண்ணோடு பொருந்துகிற மாதிரி கொஞ்சம் பார்க்கச் சொன்னார் வழிகாட்டி. 'கொஞ்சம் பார்ப்பது' என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியும். அவள் தகட்டை மாற்றினாள், கருவியை முதலிலிருந்து சரிபார்த்தாள், பதினொரு முறை திரும்ப அளந்தாள். பதினொரு முறையும் ஒன்பது சதவீதம். வழிகாட்டி வாயை மூடிக்கொண்டார். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது.

அங்கேதான் வந்தது வினை. இதழின் இணையப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? சாதியை வால்போல ஒட்டுவதை விட்டு எத்தனையோ காலம் ஆகிறது; அதற்காகப் பெருமைப்படுகிற ஊர் இது. பாஸ்போர்ட்டில் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டாள். இதழ்க்காரர்கள் அவள் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி அச்சிட்டார்கள்: எஸ். செபஸ்தியான்.

செபஸ்தியானின் அப்பா சவரிமுத்து. ஆகவே வாக்காளர் அட்டையிலும் முருங்கைத் தோட்டத்துப் பட்டாவிலும் அவர் ச. செபஸ்தியான். ஆங்கிலத்தில், எஸ். செபஸ்தியான்.

3

திங்கட்கிழமை காலை. எங்கள் கல்லூரியில் இயற்பியல் துறைக்கு ஓர் உதவிப் பேராசிரியர் இடம். முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை ஒன்றாவது இருந்தால்தான் நேர்முகத்துக்கே அழைப்பு. அவள் விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் வந்திருப்பதாகக் கடிதம் போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அலுவலக ஆளிடம் வந்து நின்றாள்.

"சார், 'கட்டுரையாளர் வேறு நபர்'னு போட்டிருக்கு. நான் எப்பிடி சார் வேற நபர்?"

"சர்ட்டிபிகேட்ல செ. சகாயசெல்வி. கட்டுரையில எஸ். செபஸ்தியான். யாரும்மா அவரு? வீட்டுக்காரரா?"

"எங்கப்பா."

"அப்ப அப்பா எழுதுன கட்டுரையா?"

"அவரு முருங்கக்கா பறிக்கிறவரு சார்! கட்டுரைக்கு அடியில என் மெயில் இருக்கு, என் இன்ஸ்டிடியூட் பேரு இருக்கு. என் கைடு லெட்டர் குடுத்திருக்காரு. இன்னும் என்ன சார் வேணும்?"

"மெயில யாரும் யாரு பேர்லயும் வச்சுக்கலாம்மா. விஏஓகிட்ட, ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு சான்று வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு லிஸ்ட் பிரின்சிபால் ரூமுக்குப் போயிரும்."

சகாயசெல்விக்குக் காது மடல் சுட்டது. அணுக்கருவுக்குள் போன நியூட்ரானைக்கூட, 'நீதானே போனாய்' என்று வெளியே வரும் ஒளியை வைத்து அடையாளம் கண்டுவிடலாம். இந்த ஆளிடம் தன்னை எதை வைத்து நிரூபிப்பது? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

[இந்த ஒப்புமை என்னுடையது, அவளுடையதல்ல. அவள் அப்போது நினைத்தது இன்னும் கெட்ட வார்த்தை. பத்திரிகையில் போட மாட்டார்கள்.]

4

இதுவரை அந்த அலுவலக ஆளை யாரோ மாதிரி எழுதிவிட்டேன். அது நான்தான். 'கட்டுரையாளர் வேறு நபர்' என்று சிவப்பு மையில் எழுதியதும் நான்தான். விதியில் அப்படி எழுத வேண்டும் என்று எங்கேயும் இல்லை. எழுதாமல் விட்டு நாளை தணிக்கையில் யாராவது கேட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். என் பயத்துக்கு அவள் புதன்கிழமை விஏஓ அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் நின்றாள்.

விஏஓவுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். அதுதான் தொல்லை.

"ஏம்மா, செபஸ்தியான்ங்கிறது உங்கப்பால்ல? நேத்துக்கூட பட்டா விஷயமா வந்துட்டுப் போனாரு. அவரும் நீயும் ஒரே ஆளுன்னு நான் எப்பிடி எழுதிக் குடுக்குறது?"

"அப்பிடி எழுத வேணாம் சார். அந்தக் கட்டுரையில இருக்குற பேரு என்னையக் குறிக்குதுன்னு எழுதுங்க."

"அப்பிடி ஒரு ஃபார்மே கெடையாதே. இருக்கிறது இதான்." நோட்டரி கடையில் விற்கும் தாளை நீட்டினார். 'மேற்கண்ட இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்.' பிறகு குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஊர்ப் பிள்ளைங்கிறதால சொல்றேன். கையெழுத்தப் போடு, நான் சீல் வச்சுத் தந்துர்றேன். யாரு பாக்கப் போறா?"

ஒரு கையெழுத்து. எவ்வளவு சின்ன விஷயம்! அவள் தாளை மடிக்காமல் மேசையிலேயே வைத்தாள்.

"எங்கப்பாவும் நானும் ஒரே ஆளில்ல சார். அவரு உசுரோட இருக்காரு, தனியா ஓட்டுப் போடுறாரு. பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன்."

முதல் வரைவில் இந்த இடத்தில் அவளைக் கையெழுத்துப் போட வைத்திருந்தேன். எனக்கு அவள்மேல் சந்தேகம். வேலைக்காக இதைக்கூடச் செய்யாத ஆள் இருப்பாளா? பிறகுதான் பதினொரு முறை அளந்தது நினைவுக்கு வந்தது. ஒன்பது சதவீதத்தைக் 'கொஞ்சம் பார்க்க' மறுத்தவள் இதை மட்டும் பார்ப்பாளா?

5

வியாழக்கிழமை செபஸ்தியானே வந்துவிட்டார். வெள்ளைத் தாளில், தமிழில், தன் கையால் எழுதிய வாக்குமூலம். அப்படியே தருகிறேன்:

'சவரிமுத்து மகன் செபஸ்தியான் ஆகிய நான் மேற்படி கட்டுரையை எழுதவில்லை. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நியூட்ரானை நான் கண்ணால் பார்த்தது இல்லை. எழுதியது என் மகள். என் பேரை அவள் போட்டது நான் அப்பன் என்பதால். அதற்கு மேல் எனக்கு அதில் பாத்தியதை இல்லை.'

"போதுமாய்யா?" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதக் கை கூசுகிறது. "ஐயா, செபஸ்தியானே நான் எழுதலைன்னு சொல்லிட்டா, கட்டுரைக்கு ஆசிரியரே இல்லாமப் போகுதே" என்றேன்.

செபஸ்தியான் தாளை என் பக்கம் தள்ளினார். "என் புள்ள மூணு வருசம் செஞ்ச வேலைய நான் செய்யலைங்கிறேன். அவதான் செஞ்சாங்கிறேன். பெத்தவன் சாட்சி சொல்லியும் பத்தலையின்னா, உமக்கு யாரு வந்துய்யா சொல்லணும்? அந்த நியூட்ரானா வந்து சொல்லும்?"

அலுவலகத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற மகளும் சிரிக்கவில்லை.

6

கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

அ) ஆய்விதழ் பெயரைத் திருத்தி வெளியிடுகிறது. [அதற்குத் தொண்ணூறு நாள் ஆகுமாம். பட்டியல் நாளைக்கு.]

ஆ) அவளை ஒரு வெளிநாட்டு ஆய்வகம் அழைத்துக்கொள்கிறது; நாம் எல்லோரும் விமான நிலையத்தில் நின்று கைதட்டுகிறோம். [அவளுக்குத் திண்டுக்கல்லில் பாடம் நடத்த வேண்டும். அதற்குத்தான் திரும்பி வந்தாள். நம் குற்றத்தை விமானத்தில் ஏற்றி அனுப்ப நான் யார்?]

இ) அவள் பொறுமையோடு அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கிறாள், முகத்தில் ஒரு புன்ன — [இல்லை. அந்தப் புன்னகையை எழுதினால் என் கை அழுகிவிடும்.]

7

வெள்ளி மதியம், கல்லூரிக்கு எதிரே டீக்கடையில், இந்தத் தாள்களை அவளிடமே கொடுத்தேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகக் கதையைக் காட்டுகிற புத்தி எழுதுகிறவர்களுக்கு உண்டு. டீ ஆறி ஆடை படிகிற வரைக்கும் படித்தாள்.

"இது யாரு சார், சகாயசெல்வி?"

"நீங்கதாம்மா. ஒரு பாதுகாப்புக்கு எல்லார் பேரையும் மாத்தியிருக்கேன். இனிஷியல் மட்டும் பொருந்துற மாதிரி..."

"அங்க எங்கப்பா பேரு. இங்க எவளோ ஒருத்தி பேரு." அவள் குரல் உயரவில்லை. "நான் செஞ்ச வேலைக்கு என் பேரப் போட ஒங்க யாருக்குமே மனசு வராதா சார்? கதையிலகூடவா?"

தாள்களை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"மூணு முடிவு எழுதி மூணையும் அடிச்சிருக்கீங்க. பெரிய எழுத்தாளர்தான். அந்த ஆட்சேபத்த எழுதுனது நீங்க. அத அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போட ஒரு நிமிசம் ஆகுமா? அம்புட்டையும் விட்டுட்டு உக்காந்து கதை எழுதியிருக்கீங்க. ஒங்களுக்கு ஒண்ணு தெரியுமா சார்? நீங்க கெட்டவர்னு நெனச்சேன். இல்ல. நீங்க ரசிக்கிறீங்க."

டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து போனாள். என் டீக்கும் சேர்த்து.

8

இப்போது மணி நான்கு நாற்பது. கோப்பு என் மேசையில் திறந்து கிடக்கிறது. அவள் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஆட்சேபத்தை அடித்தால் நான் கையெழுத்துப் போட வேண்டும். நாளை தணிக்கையில் கேட்டால் நான்தான் நிற்க வேண்டும்.

அவளுடைய உண்மையான பெயர் — இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கி நிறுத்திவிட்டேன். அந்தப் பெயரை முதலில் எழுத வேண்டிய இடம் கதையல்ல, பட்டியல். அங்கே எழுதத் துணியாதவனுக்கு இங்கே எழுதிப் பெருமை தேடிக்கொள்ள உரிமையில்லை.

முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அது ஒரு நாகரிகம். இந்தக் கதையில் அது என் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற வேலை. நீங்கள் இதைப் படிக்கும்போது பட்டியல் எப்போதோ போயிருக்கும். நான் என்ன செய்தேன் என்று ஊகிக்காதீர்கள். நேரில் வந்து கேளுங்கள். புனைபெயரைச் சொன்னால் இங்கே வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியாது. கண்ணுசாமி என்று கேளுங்கள். ப. கண்ணுசாமி, கண்காணிப்பாளர், மாடியில் இரண்டாவது அறை. அந்தப் பிள்ளையை என்ன செய்தாய் என்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேளுங்கள்.