ஒன்றாம் எண் சீட்டு

வரலாற்றுத் தேர்வில் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவன் நான். இன்றைக்கும் தோற்றால் வேலை போச்சு. எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலை அது. தேறிய தாளைத் திங்கட்கிழமை கொண்டுபோய்க் காட்டினால் எனக்கு. இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும் அடுத்தவனுக்கு. பன்றி வெட்டும் ஆலையை மூடியபோது எனக்கு அறுபத்து மூன்று வயது. நாற்பத்தோரு வருஷம் கத்தி பிடித்தவனை வேறு எவன் கூப்பிடுவான்?

ஏழாம் வகுப்போடு நின்றவன். பெரியவர்களுக்கான பள்ளியில் மொயன்ஸ் என்ற ஆசிரியர் ஆதி மனிதனிலிருந்து இன்றைய ஐரோப்பா வரை பன்னிரண்டு தலைப்புகள் நடத்தினார். பதினொன்றை மண்டையில் ஏற்றினேன். முதலாவதை மட்டும் தொடவில்லை. இருபது லட்சம் வருஷத்துக்கு முன்னால் நடந்ததை எவன் பார்த்தான்? ஆலையை ஏன் மூடினார்கள் என்பதற்கே ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

எங்கள் நாட்டில் இந்தத் தேர்வு வாய்மொழிதான். மேசைமேல் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எடுத்த எண்ணுக்குரிய தலைப்பைப் பக்கத்து அறையில் இருபத்து நான்கு நிமிஷம் பார்த்துவிட்டு வந்து பேச வேண்டும். ஆசிரியரோடு வெளியூர்த் தேர்வாளர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார்.

நடைவழியில் உட்கார்ந்து, வெளியே வருகிறவர்களிடம் எல்லாம் எண்ணைக் கேட்டுத் துண்டுத்தாளில் அடித்துக்கொண்டே வந்தேன். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் மெரேட்டா முகமெல்லாம் சிவந்து வந்தாள்.

"என்ன நம்பர்?"

"ஒண்ணு. உனக்குப் பிடிக்காத குரங்குக் கதைதான், பெரிசு."

"நல்லா இரு தாயே. தொல்லை விட்டுச்சு."

"பல்லைக் காட்டாதே. உள்ள இருக்கிற அம்மா தோலை உரிக்கிறா."

ஒன்றையும் அடித்தேன். மிச்சம் இருந்ததெல்லாம் எனக்குத் தெரிந்தவை. தைரியமாக உள்ளே போய் ஒரு சீட்டைத் திருப்பினேன்.

ஒன்று.

"இது தப்பு" என்றேன். "இது போயாச்சு. மெரேட்டா எடுத்துட்டா."

மொயன்ஸ் நெற்றியைத் தேய்த்தார். "ஒவ்வொரு நம்பருக்கும் ரெண்டு சீட்டு, வெர்னர். முதல் நாளே சொன்னேனே."

"பாங்கோ ஆட்டத்துல ஒரு தடவை கூப்பிட்ட நம்பர் திரும்ப வராது."

விளையாட்டுக் கூடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் தம்போலா மாதிரியான அந்த ஆட்டத்துக்கு எண் கூப்பிடுகிறவன் நான்தான்.

"இது பாங்கோ இல்ல" என்றாள் வெளியூர்த் தேர்வாளர் போடில். ஒல்லியான பெண், ஐம்பது இருக்கும். "நேரம் ஓடுது."

பக்கத்து அறையில் ஒரு பக்க உரையும் ஒரு எலும்பின் படமும் இருந்தன. ஆப்பிரிக்க ஏரிக்கரையில் கிடைத்த மான் எலும்பாம். ஆதி மனிதர்கள் வேட்டையாடியதற்கு அது சான்றாம். மூன்று தடவை படித்தேன், ஒன்றும் தங்கவில்லை. கடிகாரத்தில் பதினைந்து நிமிஷம் போயிருந்தது. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். படத்தை ஓரமாகத் தள்ளப்போன கை அப்படியே நின்றது.

எலும்பில் கோடுகள். கோடுகளுக்கு அடியில் பள்ளங்கள். மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"உரை என்ன சொல்லுது?" என்று கேட்டாள் போடில்.

"வேட்டையாடினாங்கன்னு சொல்லுது. நான் ஒத்துக்க மாட்டேன்."

மொயன்ஸின் பென்சில் நின்றது.

"பள்ளமெல்லாம் பல்லு பட்டது. கோடெல்லாம் கத்தி. கோடு பள்ளத்துக்கு மேலயே ஏறிப் போகுது, பாருங்க. முதல்ல வாய் வெச்சது மிருகம். நம்ம ஆளு மிச்சத்துக்கு வந்தவன். கத்தியும் சதை மொத்தமா இருக்கிற இடத்துல படல, மூட்டுப் பக்கம் சுரண்டியிருக்கு. முழு மிருகம் கையில இருந்தா எவனும் அங்கயிருந்து ஆரம்பிக்க மாட்டான்."

"அப்போ அந்தக் காலத்துல எல்லாருமே மிச்சம் பொறுக்கினவங்கதானா?"

ஆமாம் என்று வாய் வரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் விழுங்கினேன்.

"அது எனக்குத் தெரியாது. இந்த ஒரு எலும்பைப் பத்திதான் சொல்ல முடியும். இன்னும் பத்து காட்டுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்."

அவள் ஏதோ எழுதினாள். "சரி. அந்தக் காலத்து மனித இனங்கள்ல ரெண்டோட பேரைச் சொல்லுங்க."

"தெரியாது."

"நெருப்பு எந்தக் காலத்துல வந்துச்சு?"

"தெரியாது. அந்தப் பாடத்தைப் படிக்கல."

"ஏன்?"

"நம்பிக்கை இல்ல."

மொயன்ஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே நிற்கச் சொன்னார்கள். மெரேட்டா ஈரல் விழுது தடவிய கறுப்பு ரொட்டியை நீட்டினாள். ஒரு கடி கடித்துவிட்டுக் காதைக் கதவுப் பக்கம் திருப்பினேன். கதவுக்குப் பின்னால் போடிலின் குரல் உயர்ந்தது, மொயன்ஸின் குரல் தாழ்ந்தது. எனக்காக அவர் கெஞ்சுகிறார் என்று தோன்றியதும் உடம்பு கூசியது.

கதவு திறந்தது. போடில்தான் பேசினாள்.

"வருஷம் தெரியல, பேர் தெரியல. பாதிக் கேள்விக்குத் தெரியாதுன்னீங்க. மொயன்ஸ் உங்களைத் தோத்ததாப் போடலாம்னார்."

மொயன்ஸைப் பார்த்தேன். அவர் சன்னலைப் பார்த்தார்.

"சான்றைப் பார்க்கிறதுக்கும் மதிப்பெண் உண்டு. எங்க நிறுத்தணும்கிறதும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு."

இரண்டு என்றால் கடைசிப் படி. ஆனாலும் தேர்ச்சிதான். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திருங்க" என்றாள் போடில். "அடுத்த ஆள் சீட்டு எடுக்கணும்."