சம்பந்தியின் சின்ன மேசை

என் சம்பந்தி லோய் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அன்று காலையிலேயே காரியம் முடிந்திருக்கும்.

மருமகள் மியென் வியட்நாம்காரி. என் மகன் தேஷிக் நெத்திலிப் படகில் ஏறினால் வாரக்கணக்கில் கரை காணமாட்டான். மியென் மீன் ஆலைக்குப் போகிறாள். இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அப்பாவை வரவழைத்தோம். பிள்ளை வளர்க்க உதவும் பெற்றோருக்கென்று நீண்ட விசா ஒன்று உண்டு. அதை அவ்வப்போது நீட்டிக்க வேண்டும். அந்த மாதக் கடைசியோடு கெடு முடிவதாக இருந்தது. நீட்டிக்காவிட்டால் மியென் வேலையை விட வேண்டியதுதான். அந்த இரண்டு வாலில்லாக் குரங்குகளின் பின்னால் ஓட என் முட்டி ஒத்துழைக்காது. வசந்த காலத்தில்தான் அதை அறுத்துத் தைத்தார்கள்.

சம்பந்தியோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது எங்கள் தீவில் யாரும் விலை கொடுத்து வாங்காத தலைவலி. சம்பந்தி என்றால் நல்ல நாளில் வந்து, குனிந்து வணங்கிவிட்டுக் கிளம்ப வேண்டியவர். அதனால் அவருக்கென்று ஒரு சின்ன மேசை. சோறும் சூப்பும் கிம்ச்சி ஊறுகாயும் அதில் வைத்து அவர் அறைக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். அது மரியாதை. அவர் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். நான் பிள்ளைகளோடு கூடத்தில் சாப்பிடுவேன்.

ஆனால் பிள்ளைகள் தூங்குவது அவர் முதுகில்தான். என் முதுகில் கட்டினால் ஊரைக் கூட்டுகின்றன. எனக்கு வயிற்றெரிச்சல்தான். இருந்தாலும் அந்த மனுஷரை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவுகட்டித்தான் அவரையும் மியெனையும் கூட்டிக்கொண்டு பட்டணத்துக் குடிவரவு அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன்.

அதிகாரி இளவட்டம். மகளே அப்பாவுக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்று, மேசைத் தொலைபேசியில் வேறொரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்.

"வீட்ல நாள் முழுக்க என்ன பண்றீங்க?"

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும்படி மியென் வழியெல்லாம் பாடம் நடத்தியிருந்தாள். சம்பந்தி என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார். அவர் சொல்லி முடித்ததும் தொலைபேசியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் குரல் வந்தது.

"மாப்பிள்ளை வீட்டுச் சோத்தை சும்மா உக்காந்து திங்கிற ஆள் நான் இல்ல. பிள்ளைங்களையும் பாக்கறேன். பக்கத்து வீட்டு மல்சூன் அம்மா வயல்ல பூண்டும் பிடுங்கினேன். பிடுங்கிக்கிட்டே போய் எனக்கு முன்னாடி அந்தப் பக்க வரப்பை யாரும் தொடல. யாரை வேணா கேளுங்க."

மியென் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அதிகாரியின் பேனா நின்றது.

"அம்மா, இந்த விசால வேலை பாக்கக் கூடாது. தெரியுமில்ல?"

"கூலி வேலை இல்ல தம்பி. ஆளுக்கு ஆள். முட்டி வெட்டி நான் ஆஸ்பத்திரில கிடந்தப்ப எங்க பூண்டை மல்சூன் பிடுங்கிக் குடுத்தா. அவ வயலுக்கு நாங்க திருப்பிப் போகணும். போகலன்னா அடுத்த வருஷம் எங்க வரப்புல காக்கா கூட உக்காராது."

"அது உங்க கடன். இவர் ஏன் அடைக்கணும்? இவர் விருந்தாளிதானே?"

எனக்குச் சுருக்கென்றது. "விருந்தாளியை அனுப்பியிருந்தா மல்சூன் வரப்புலயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருப்பா. வீட்டு ஆள் போனாத்தான் கடன் தீரும். அவ இவரை வயல்ல இறங்க விட்டாளே."

"அப்ப இவர் உங்க வீட்டு ஆளா?"

தொலைபேசிக்காரர் அதையும் விடாமல் மொழிபெயர்த்தார். சம்பந்தி என் வாயையே பார்த்தார்.

"ஒண்ணா உக்காந்து சாப்பிடுறீங்களா?" என்றார் அதிகாரி.

"சம்பந்தியோட யாராவது எதிரெதிரா உக்காந்து சாப்பிடுவாங்களா? உங்க வீட்ல உண்டா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கம்மா, சம்பந்தி வந்தா மாடியை விட்டே இறங்க மாட்டாங்க."

"அப்புறம் என்ன? சாப்பிடுறது தனி. ஆனா வீட்டு ஆள்தான். எழுதிக்குங்க."

எழுதவில்லை. மல்சூனின் எண்ணைக் கேட்டார். மல்சூன் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. எதிர்முனையில் அவள் குரல் அறை முழுவதும் கேட்டது.

"கூலியா? எதுக்குக் கூலி? அவ வீட்டுப் பூண்டுக்கு நான் எவ்வளவு குனிஞ்சேன் தெரியுமா? அந்த மனுஷன் நல்லாத்தான் பிடுங்கினார், இல்லேங்கல. ஆனா பிள்ளைங்க அழுவுதுங்கன்னு கடைசி நாள் மத்தியானமே ஓடிட்டார். அரை நாள் இன்னும் பாக்கி. அவளைக் கண்டா சொல்லுங்க, மறந்த மாதிரி நடிக்கிறா."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் குடுமியைப் பிடித்திருப்பேன். அன்று அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

கூலி எதுவும் வாங்கவில்லை என்று ஒரு தாளில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார் அதிகாரி. "இனிமே ஒரு காசு கைல பட்டாலும் அடுத்த விமானம்தான், சொல்லிட்டேன்" என்று எச்சரித்தார். பிறகு நீட்டித்துக் கொடுத்தார். மியென் அழுதாள். சம்பந்திக்கு ஒன்றும் புரியவில்லை, அதிகாரியிடம் பூண்டைப் பற்றி இன்னும் சொல்ல ஆசைப்பட்டார். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சின்ன மேசையைக் கழுவித் துடைத்தேன். மியெனைக் கூப்பிட்டு, அலமாரியின் உச்சியில், கை எட்டாத இடத்தில் ஏற்றி வைக்கச் சொன்னேன்.

சாப்பாட்டு நேரத்தில் சம்பந்தி தம் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தெரிந்த அரைகுறை வார்த்தைகளைக் கோத்து, "சம்பந்தி, மேசை எங்க?" என்றார்.

கூடத்து மேசையில், இரண்டு குரங்குகளுக்கும் நடுவில், அவருக்கு ஒரு கரண்டியை வைத்தேன்.

"இங்க. உக்காருங்க. நாளைக்கு மல்சூன் பாக்கியைத் தீர்க்க நான் போறேன், உக்காந்து பூண்டுத் தண்டு நறுக்குற வேலைதானே. நீங்க வயல் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க. பிள்ளைங்களைப் பாத்துக்குங்க. அதுக்குத்தான் விசா."

மியென் மொழிபெயர்த்தாள். அவர் உட்கார்ந்தார். என் சூப்பில் கிடந்த பெரிய மீன் துண்டுக்கு எதிரே தம் கிண்ணத்தை மெல்ல நகர்த்தினார். வீட்டு ஆளாகிவிட்டார் இல்லையா, அவர் கிண்ணத்தில் எடுத்துப் போட்டேன்.