பை பார்க்கப்பட்டது

நாகபூஷணம் மூன்றாவது தாளையும் கசக்கிப் போட்டுவிட்டு நான்காவது தாளில் புகாரை எழுதத் தொடங்கினார். நகரிப் பள்ளிக்கூடத்தில் படித்த தெலுங்கு கோபத்தில் தடுமாறியது.

“ஒர்த்தரும் பக்கத்துல இல்ல. அதையும் எழுதறேன்,” என்றார் தங்கை பத்மினியிடம். “நீதான் கார்டியன். கீழ நீ கையெழுத்துப் போடணும்.”

மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்கென்று திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் வழியில் இருந்த இல்லம் அது. அவர்களுடைய தம்பி கோபிகிருஷ்ணன் பதினொரு வருடமாக அங்கேதான் இருந்தான். வயது நாற்பத்திரண்டு, அறிவு ஐந்து வயதோடு நின்றுவிட்டது. நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொண்டையில் மசால்வடைத் துண்டு அடைத்துச் செத்துப்போனான்.

வடையைக் கொடுத்தது பத்மினி.

அவனுக்குச் சரியாக விழுங்க வரவில்லை, எதையும் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. கட்டிலுக்கு மேலே பெரிதாக எழுதியும் ஒட்டியிருந்தார்கள். பத்மினி அதைப் படித்திருக்கிறாள். ஆனால் சோறும் குழம்பும் பொரியலும் ஒன்றாக அரைபட்டுச் சாம்பல் நிறக் கூழாக அவன் தட்டில் விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்து, வடை எங்கே என்று சத்தம் போட்டுக் கேட்கிறவன் அவன். நேற்று மரத்தடியில் யாரும் இல்லாத நேரம் ஒன்றைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். இன்னொன்றைச் சட்டைப் பையில் வைத்து, “மெதுவா துன்னுடா” என்று சொல்லிவிட்டு நாலரை பஸ்ஸைப் பிடித்தாள்.

அவன் என்றைக்கு எதை மெதுவாகத் தின்றிருக்கிறான்?

“வட குடுத்துட்டுப் போன அந்தப் பொம்பளைய வேலைய வுட்டுத் தூக்கணும். கேஸும் போடணும்,” என்றார் நாகபூஷணம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மேலாளர் சுரேஷ்பாபு உடனே தலையாட்டினார். அடுத்த மாதம் இல்லத்தைச் சோதிக்க அதிகாரிகள் வருகிறார்கள். தவறு ஒரு ஆயாவோடு முடிந்தால் அவருக்குப் பெரிய நிம்மதி.

அந்த ஆயா, லட்சுமம்மா, கதவோரம் நின்றிருந்தாள். சத்தியவேட்டுப் பக்கத்துக்காரி. கோபியின் முதுகில் தட்டித் தட்டி அவள் வலது கை வீங்கியிருந்தது.

நாகபூஷணம் தாளைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார். பத்மினி வாங்கவில்லை.

“வடைய நான்தான் எடுத்தாந்தேன், அண்ணா.”

“என்னா?”

“நான்தான் குடுத்தேன். அவ இல்ல.”

சுரேஷ்பாபு இழுப்பறையிலிருந்து வாசல் நோட்டை எடுத்தார். நேற்றைய பக்கத்தைப் புரட்டினார். “ஞாயித்துக்கிழமை, பத்மினி, மூணு மணி. பை பார்க்கப்பட்டது, லட்சுமம்மா கையெழுத்து,” என்று படித்துவிட்டு நிமிர்ந்தார். “பை பார்த்திருந்தா வடை எட்லா உள்ள போச்சு, லட்சுமம்மா?”

இதைப் பத்மினி நினைக்கவே இல்லை.

பதினொரு வருடத்தில் லட்சுமம்மா அவள் பைக்குள் ஒருநாளும் கைவிட்டதில்லை. உள்ளே வருகிறவர்கள் பையைச் சோதிக்க வேண்டுமென்று விதி இருந்தது. மற்றவர்கள் பையைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்ப்பாள். பத்மினி வந்தால் மட்டும், “நீங்க போங்கக்கா, உங்க பையில நான் என்னா பாக்கறது,” என்று கூச்சத்தோடு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அந்த மரியாதை பத்மினிக்குப் பிடித்திருந்தது. அதைத்தான் நேற்று பயன்படுத்திக்கொண்டாள். இப்போது அதை நினைக்க அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

லட்சுமம்மா வாயைத் திறந்தாள். “சார், நான் வந்து…”

“பையில இல்ல,” என்றாள் பத்மினி. “பைய அவ நல்லா பாத்தா. நான் வடைய இடுப்புல சொருவிக்கினு வந்தேன்.”

“இடுப்புலயா?” என்றார் சுரேஷ்பாபு.

“பைய பாப்பாங்கன்னு தெரியும். அதான். அப்டியே எழுதிக்கோங்க சார்.”

அவர் எழுதினார். சொன்னதில் எந்த மாற்றமும் இல்லை என்று இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார். லட்சுமம்மா தரையைப் பார்த்தபடியே வெளியே போனாள். நாகபூஷணம் தங்கையை முன்பின் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். புகாரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

பின்னால் கோபியின் உடலோடு பத்மினி மட்டும் இருந்தாள். புத்தூர் தாண்டியும் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே மறைத்து எடுத்துப் போய்க் கொடுத்தாள் என்றுதான் இனி வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதிக்கு மேல் உண்மை என்பதால் அவளுக்கு அழக்கூட வரவில்லை.

நகரியில் தெருவே பவர்லூமை நிறுத்தியிருந்தது. குளிப்பாட்டி, வேட்டி கட்டி, வாசலில் கிடத்தினார்கள். சொந்தக்காரப் பெண்கள் வரிசையாக வாய்க்கரிசி போட்டுக்கொண்டு வந்தார்கள். அண்ணி கமலம்மா தட்டை நீட்டினாள். அவள் முகத்திலிருந்து அவளுக்கும் சேதி போய்விட்டது தெரிந்தது. பத்மினி மற்றவர்களைப் போலவே ஒரு பிடி அள்ளிக் குனிந்தாள்.

அவள் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். நாகபூஷணம். திருப்பதியிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசாதவர், அவள் விரல்களைப் பிரித்து, அரிசியில் பாதியைத் தட்டிலேயே திருப்பிக் கொட்டினார்.

“கொஞ்சமா போடு,” என்றார்.