பசைப் பூதமும் நாற்பதாம் பாரமும்

கீழே வருவதில் ஒரு எழுத்துகூடக் கலப்படம் இல்லை. பசைச் சட்டி மேலும், தையல் ஊசி மேலும், பைண்டரின் மனைவி மேலும் ஆணையாக, நடந்தது நடந்தபடி. சந்தேகம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், காற்றாவது வரும்.

பைண்டருக்கும் அவர் மனைவியின் தம்பிக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு கிடையாது. தம்பி நாவலாசிரியர். நாவலாசிரியர் ஆவதற்கு முன் ஒரு கவிதைத் தொகுப்பு போட்டார். அதைத் தைத்து முடித்த கையோடு, "எப்படி இருக்கு மாமா?" என்று ஆவலாகக் கேட்டார். "அட்டை நல்லா வந்திருக்கு" என்றார் பைண்டர். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரே அறையில் இருந்தாலும் நடுவில் ஆள் வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். ஆள் இல்லாத நேரத்தில் சாமான் வைத்து.

இப்படியிருக்க, நாவலாசிரியர் பன்னிரண்டு பாகத்தில் ஒரு மாயாஜாலப் பெருங்கதை எழுதப்போவதாக ஊரெல்லாம் சொல்லி, முதல் பாகத்தை அச்சடித்தும் விட்டார். அக்காவின் பிடிவாதத்தால் தாள்கள் பைண்டரிடமே வந்து இறங்கின. அறுநூறு பிரதி; பிரதிக்கு நாற்பது பாரம். பதினாறு பக்கம் ஒன்றாக மடிந்த கட்டுக்குத்தான் பாரம் என்று பெயர். பாரத்தின் அடியில் உள்ள எண்ணைத் தவிர பைண்டர் முப்பது வருடமாக எதையும் படித்ததில்லை. படிக்கிற பைண்டரும், ருசி பார்த்தே பானையைக் காலி பண்ணுகிற சமையல்காரனும் உருப்பட்டதில்லை என்பது அவர் கட்சி.

"ஏங்க, தம்பி உங்களையும் கதையில வச்சிருக்கானாம்" என்றாள் மனைவி, டீயை வைத்தபடி.

"என்னவா வச்சிருக்கானாம்?"

"சொல்ல மாட்டேங்கிறான். முதல் பிரதி எனக்குத்தான். சத்தமா படிச்சுக் காட்டுறேன், இருங்க."

அவள் சத்தமாகப் படித்தால் தெருக்கோடியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். பைண்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பாரத்தை எடுத்தார்.

தொடக்கத்தில் ஒரு வரைபடம். பதினோரு மடிப்பு. மடிக்கும்போது பாலைவனத்தில் தொலைந்த கத்தரிக்கோல் மறுநாள் வடக்கு மலையில் கிடைத்தது. அடுத்த மூன்று பாரம் முழுக்க ராஜாக்கள். ஒருவனுக்கு ஒருவன் அப்பன். அதில் பதினேழாவது ராஜா தன் தாத்தாவுக்கு மூன்று வருடம் முன்னாலேயே பிறந்துவிட்டான். "முதலாளியம்மா தம்பிக்குக் கணக்கும் வராது" என்று பைண்டர் பசைச் சட்டியிடம் சொன்னார். பிறகு பறக்கும் குதிரைகள், பேசும் வாள், அழுதுகொண்டே இருக்கும் இளவரசன். பைண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார்.

ஒன்பதாம் பாரத்தில் பாலத்தடியிலிருந்து எழுந்து வந்தது பசைப் பூதம். இடது கட்டைவிரலில் பாதி நகம். வேட்டி முனையில் காய்ந்த கஞ்சி. பொய் சொன்னால் மூன்று தும்மல். யார் எதைக் காட்டினாலும் "மேல்தோல் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு விழுங்கும்.

பைண்டர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். தாள் கட்டையே கொளுத்திவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் பூதம் அடுத்து என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு கொளுத்தலாமே என்று பத்தாம் பாரத்தைப் பிரித்தார்.

பூதம் சும்மா இல்லை. இருபதாம் பாரத்துக்குள் ஒரு படையையே பாலத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டது. முப்பதில் பேசும் வாளின் வாயை அடைத்தது. முப்பத்தொன்பதாம் பாரம் முடிகிற இடத்தில் இளவரசன் முழந்தாளிட்டுக் கிடக்க, கடைசி வரி இப்படி நின்றது: "இளவரசன் நடுங்கும் கையால் வாளை ஓங்கினான், பூதம்"

"விடாதே, அமுக்கு!" என்று பைண்டர் வாய்விட்டுக் கத்தினார்.

நாற்பதாம் பாரத்தில் பூதம் செத்தது. பதினாறு பக்கத்துக்குச் செத்தது. அடிபட்ட கொசுபோல் செத்தது.

பைண்டருக்கு இப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. பூதமாக்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பாகத்தில், போக்கற்ற குதிரைக்கெல்லாம் அடுத்த பாகம் உண்டு. தனக்கு முதல் பாகத்திலேயே பாடை! அதையும் பெண்டாட்டி சத்தமாகப் படிக்க, தெரு கேட்கும்.

மூன்று நாள் வேலை பார்த்தார். அறுநூறு பிரதியிலும் நாற்பதாம் பாரத்தை உருவி, எட்டாம் பாரத்துக்கும் ஒன்பதாம் பாரத்துக்கும் நடுவில் வைத்துத் தைத்தார். தையல் அவ்வளவு உறுதி, யானை கட்டி இழுத்தாலும் பிரியாது. பக்க எண்? ராஜா தாத்தாவுக்கு முன்னால் பிறக்கிற புத்தகத்தில் பக்க எண்ணை எவன் பார்க்கப்போகிறான்?

எவனும் பார்க்கவில்லை. யாரென்றே தெரியாத பூதம் ஒன்று முதலில் சாகிறது. பிறகு சாவகாசமாகப் பாலத்தடியிலிருந்து எழுந்து வருகிறது. கடைசியில் பாதி வாக்கியத்தில் புத்தகமே முடிகிறது. படித்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. அறுநூறு பேரும் கடிதம் எழுதினார்கள்; ஒருவரும் இளவரசனை விசாரிக்கவில்லை. சாவே இல்லாத பூதத்தைப் படைத்த மேதை என்று நாவலாசிரியருக்கு நடந்த கூட்டத்தில் அவர் இஞ்சி தின்றதுபோல் உட்கார்ந்திருந்தார். மாமன் மாற்றித் தைத்துவிட்டார் என்று சொன்னால் மேதைப் பட்டம் மாமனுக்குப் போய்விடுமே.

மறுநாள் காலை பட்டறைக்குள் புயல்போல் நுழைந்தார். அக்கா கடைக்குப் போயிருந்தாள். ஆகவே கட்டிங் மெஷினைப் பார்த்து நின்றார்.

"ஏ மெஷினே, உன் முதலாளிக்கு வெட்கம் இருக்கான்னு கேளு."

பைண்டர் பசைச் சட்டியைக் கிளறினார். "சட்டியே, அட்டை நல்லா வந்திருக்கான்னு அந்த ஆளைக் கேட்டுச் சொல்லு."

"செத்தவனை எழுப்பி விட்டுட்டு நக்கல் வேறயா? மெஷினே, சொல்லிடு. ரெண்டாம் பாகத்துல அந்தப் பூதத்தை ஒவ்வொரு பாரத்துலயும் கொல்லுவேன். நாற்பது தடவை! எதை எங்க மாத்தித் தச்சாலும் செத்துத்தான் கிடக்கும்!"

பைண்டர் கிளறுவதை நிறுத்தினார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக மச்சினன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஒவ்வொரு பாரத்துலயும் சாகணும்னா, மாப்ளே, ஒவ்வொரு பாரத்துலயும் உயிரோட வரணுமே."

நாவலாசிரியர் கையிலிருந்த இரண்டாம் பாகத்தின் கைப்பிரதியை மெஷின் மேல் வீசிவிட்டு வெளியே போனார். பைண்டர் அதை எடுத்துத் தூசி தட்டி, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.